பள்ளிக்கூட எல்லையும் வெள்ளிக்கிழமை ராகுகாலமும்

1

போன மாதம் கவுன்சிலில் இருந்து ஒரு மண்ணிறக் கடித உறை வந்தது. லண்டனுக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. நல்ல சேதி சொல்லுகிறவர்கள் அந்த நிறத்தில் அனுப்ப மாட்டார்கள் என்பது என் அனுபவம். கறியை அடுப்பில் விட்டுவிட்டு நின்றபடியே பிரித்தேன். உள்ளே ஒரு வரைபடம். அதில் எங்கள் பகுதி ரயில் பாதையை ஒட்டி ஒரு தடித்த சிவப்புக் கோடு.

கறி அடிப்பிடித்துவிட்டது. அந்தக் கோடு எனக்குப் பழக்கமான கோடு. ஒன்பது வருடத்துக்கு முன்பு அதே இடத்தில் அதே நிறத்தில் ஓடியது.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அங்கே நல்ல பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க அதிபரைத் தெரிந்த ஒரு மாமா வேண்டும், அல்லது பழைய மாணவர் சங்கத்தில் ஒரு பெரிய மனுசர் வேண்டும். இங்கே மாமாவுக்கு வேலையில்லை. கவுன்சில்காரர் வரைபடத்தில் ஒரு கோட்டைக் கீறி, கோட்டுக்கு உள்ளே இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலிடம் என்பார்கள். கச்மென்ட் என்று பெயர். வெளியே இருக்கிற பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் மிஞ்சின இடத்துக்குக் காத்திருக்க வேண்டும். கோட்டுக்குள்ளே வீடு வாங்குவதற்காக இங்கே சனம் படுகிற பாடு, ஊரில் சீதனத்துக்குப் படுகிற பாட்டுக்குக் குறைந்ததல்ல.

இந்த முறை கோடு எங்களுக்குச் சாதகம். எங்கள் வீடு உள்ளே. ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கவுன்சில் பிளாட்டுகள் வெளியே. என் சின்னவள் மயூரிக்குப் பத்து வயது. அடுத்த செப்டெம்பரில் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டியவள். பிளாட்டுப் பிள்ளைகள் வெளியே போனால் அவளுக்கு இடம் நிச்சயம். இல்லாவிட்டால் சந்தேகம். போன வருடம் எங்கள் தெருவிலேயே இரண்டு பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கவில்லை.

இந்தத் திட்டத்தை ஆதரிக்கிறீர்களா, ஆட்சேபிக்கிறீர்களா என்று கீழே இரண்டு பெட்டி. முடிவுத் திகதி நவம்பர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி.

வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு. அதை வாசித்ததும் கதிரையை இழுத்து இருந்துவிட்டேன்.

2

எண்பத்தெட்டில் நாங்கள் இருந்தது பாலத்துக்கு அந்தப் பக்கத்தில், அதே பிளாட்டில், மூன்றாம் மாடியில். சமையலறை யன்னலால் பார்த்தால் பள்ளிக்கூடத்தின் கூரை தெரியும். காற்று எங்கள் பக்கம் வீசினால் மணி கேட்கும். மூத்தவள் தர்சினி அந்த மணிக்குத்தான் பல் தீட்டுவாள். அடுத்த வருடம் தானும் அங்கேதான் போகப்போவதாகப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்போதுதான் முதல் கோடு வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் முழுவதும் வெளியே. எங்கள் பிள்ளைகள் இரண்டு பஸ் பிடித்து வேறு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். நடந்தால் எட்டு நிமிடத்தில் போகிற பள்ளிக்கூடம் கண்ணுக்கு முன்னால் இருக்க, பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம்.

கவுன்சில் ஒரு கூட்டம் வைத்தது. கோட்டுக்கு உள்ளே இருக்கிற தெருக்காரர்கள் கோட் சூட் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரத் தகப்பன் எழும்பி மிகவும் மரியாதையாகச் சொன்னார், தனக்கு ஒருவரிலும் வெறுப்பில்லையாம், எங்கள் பிள்ளைகளை நாங்கள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள் என்றுதான் கேட்கிறாராம். கைதட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் கணக்கு மாஸ்டர் இருந்தார். வடமராட்சியில் இருபது வருடம் கணிதம் படிப்பித்த மனுசன், இங்கே பெற்றோல் செட்டில் காசு வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் மாடிப்படியில் கீழ் வீடு. அவருடைய மகள் சுபாவும் தர்சினியும் ஒரே வகுப்பு. அவர் பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஆட்சேப மனு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை செய்தவள், கடிதம் எழுதத் தெரிந்தவள் என்று மாஸ்டர் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். சான்ட்விச் பக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்து கையெழுத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கினேன். எங்கள் ஆட்கள் மட்டுமல்ல, கீழ் மாடி ஐரிஷ் மனுசி, பஸ் ஓட்டுகிற ஜமேக்கா மனுசன், முனைக்கடைக் குஜராத்திக் குடும்பம் எல்லாரும் வைத்தார்கள். இருபத்துமூன்று கையெழுத்து. கட்டடத்தில் இருந்த பலரோடு நான் முதன்முதலாகக் கதைத்ததே அப்போதுதான்.

3

இனிச் சொல்லப்போவதை ஒன்பது வருடமாக மாஸ்டரைத் தவிர நான் யாரிடமும் நேராகச் சொன்னதில்லை.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமை, அன்றைக்கும் பகல் பன்னிரண்டு மணிதான் முடிவு நேரம். பத்தரைக்கு முன்னமே கொடுத்துவிட வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் பத்தரையில் இருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம் என்று ஊரில் இருந்து வந்த கலண்டரில் போட்டிருந்தது. ஷிப்ட் முடிந்து ஓடிவந்தேன். பஸ் பிந்தியது. கவுன்சில் கட்டடத்துக்குள் நுழையும்போது பத்தே முக்கால்.

கவுண்டருக்கு முன்னால் ஒருவரும் இல்லை. நேரே போய் நீட்டியிருக்கலாம். நான் போகவில்லை. என் பிள்ளையின் படிப்பு விசயம், இருபத்துமூன்று குடும்பத்தின் விசயம், இதைப் போய் ராகுகாலத்தில் தொடங்குவதா என்று சுவரோரம் கிடந்த வாங்கில் இருந்துவிட்டேன். பன்னிரண்டு அடிக்கிற கையோடு கொடுத்தால் ராகுவுக்கும் சரி, கவுன்சிலுக்கும் சரி என்பது என் கணக்கு. மடியில் மனு. எதிரில் பெரிய மணிக்கூடு. ஒன்றே கால் மணித்தியாலம் முருகா முருகா என்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டுக்கு எழும்பினேன். எனக்கு முன்னால் ஒரு கிழவர் வந்து நின்றுவிட்டார். வாகனத் தரிப்பிடம் பற்றி ஏதோ கேட்டார், சாவகாசமாக. அவர் விலகியபோது பன்னிரண்டு மூன்று. கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண் மணிக்கூட்டைக் காட்டி மன்னிக்கச் சொன்னாள், அடைப்பை இறக்கினாள். நான் கண்ணாடியில் தட்டினேன். முதலே வந்துவிட்டேன், இங்கேயேதான் இருந்தேன் என்று சொன்னேன். அப்படியானால் ஏன் தரவில்லை என்று அவள் கேட்டாள். அவள் நல்ல மாதிரித்தான் கேட்டாள். அதற்கு என்னிடம் இங்கிலிஷில் பதில் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக் கந்தோரில் நான் இருந்ததும் இப்படி ஒரு கவுண்டருக்குப் பின்னால்தான். நாலு மணிக்குப் பிறகு வருகிறவர்களை நாளைக்கு வாருங்கள் என்று எத்தனை தரம் திருப்பி அனுப்பியிருப்பேன். கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்களையும்தான். அவர்கள் ஏன் பிந்தினார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மனுவைக் கொடுத்துவிட்டு ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்வதாக இருந்தேன். கொடுக்காமலே போனேன். அர்ச்சனை செய்யவில்லை. முருகனோடு சண்டை பிடித்துவிட்டு வந்தேன்.

மாஸ்டர் என்னை ஏசவில்லை. அதைவிட மோசமான வேலை ஒன்று செய்தார். ஒரு கிழமைக்குப் பிறகு கடதாசியும் பென்சிலுமாக வீட்டுக்கு வந்து, ராகுகாலம் என்பது சூரிய உதயத்தில் இருந்து எண்ண வேண்டியது, கலண்டரில் இருந்தது ஊர்க்கணக்கு, லண்டனில் நவம்பர் மாதத்து உதயத்துக்குக் கணக்குப் பார்த்தால் அன்றைய ராகுகாலம் பன்னிரண்டுக்குக் கால் மணித்தியாலம் முன்னரே முடிந்துவிட்டது என்று படிமுறையோடு நிறுவிக் காட்டினார். நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

மனுவைத் தபாலில் அனுப்பிப் பார்த்தேன். பிந்திவந்த மனுவைப் பார்க்கவே மாட்டோம் என்று கடிதம் வந்தது. கோடு அப்படியே நிறைவேறியது. தர்சினி ஏழு வருடம் இரண்டு பஸ்ஸில் போனாள். கவுன்சில் மறுத்துவிட்டது என்று மட்டும் அவளுக்குச் சொன்னேன்.

4

பிறகு எங்கள் ஆட்கள் எல்லாரும் கழுத்துவரை கடன் எடுத்து, ஒவ்வொருவராகப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தோம். இடையில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைய, கவுன்சில் அந்தக் கோட்டைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. இப்போது பிள்ளைகள் கூடிவிட்டார்கள். கோடு திரும்பிவிட்டது. பிளாட்டுகளில் இப்போது பெரும்பாலும் சோமாலியாச் சனம். நாங்கள் வந்த மாதிரியே, கையில் ஒரு பையும் வாயில் நாலு இங்கிலிஷ் சொல்லுமாக வந்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலய மண்டபம் ஒன்றில் தமிழ் வகுப்பு. பிள்ளைகள் முன்னால் இருந்து ஆத்திசூடியை ஒப்புவிப்பார்கள், இடைவேளையில் இங்கிலிஷில் சண்டை பிடிப்பார்கள். பெற்றோர் பின்னால் தேத்தண்ணீர் மேசையைச் சுற்றி நின்று ஊர்க்கதை பேசுவோம். வகுப்பை நடத்துகிறவர் கணக்கு மாஸ்டர்தான். கவுன்சில் கடிதம் வந்த கிழமை அவர் மேசையில் ஒரு மனுவை வைத்தார். புதிய எல்லையைத் தமிழ்ப் பெற்றோர் ஆதரிக்கிறார்கள் என்று அழகான இங்கிலிஷில் எழுதியிருந்தார். கையெழுத்து முப்பதைத் தாண்டியிருந்தது. பேனை என்னிடம் வந்தது. நான் வைக்கவில்லை, ஆட்சேபம் எழுதப்போகிறேன் என்றேன்.

வசந்தி எனக்கு நல்ல சிநேகிதி. அவளுடைய மகனும் மயூரியும் ஒரே வகுப்பு. என் கையைப் பிடித்து ஒருபக்கமாக இழுத்தாள்.

"உமக்கு விசரே புவனா? ரண்டு பிள்ளையளுக்கும் இடம் நிச்சயமாக் கிடைக்கப் போகுது. அதைப் போய் வேண்டாமெண்டு எழுதப் போறீரோ?"

இடம் எனக்கும் வேண்டும் என்றேன். மயூரி இரண்டு பஸ் பிடித்துப் போவதை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை என்றும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்றைத் தள்ளிவிட்டுத்தான் அந்த இடம் வருமென்றால், அதற்கு நான் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றேன். மற்றவர்களும் கிட்ட வந்துவிட்டார்கள். ஒருவர் சோமாலியாப் பிள்ளைகளின் குழப்படி பற்றிச் சொல்லத் தொடங்கினார். எங்கள் பிள்ளைகளைப் பற்றி எண்பத்தெட்டில் என்ன சொன்னார்கள் என்று அவருக்கு நினைவூட்டினேன். இன்னொருவர், கவுன்சில் எப்படியும் நினைத்ததைத்தான் செய்யும், நாங்கள் நல்ல பெயரையாவது எடுப்போம் என்றார். இந்த நல்ல பெயர் எடுக்கிற வியாதி எங்கள் ஆட்களுக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் மாறாது.

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். வருடா வருடம் பரிசளிப்பு விழாவில் அவர் பேசுகிற பேச்சு ஒன்றுண்டு. தரப்படுத்தல் பற்றி. வேறு மாவட்டத்தில் இருந்திருந்தால் பல்கலைக்கழகம் போகக்கூடிய புள்ளியோடு, யாழ்ப்பாணத்தில் இருந்ததால் வெளியே நின்ற தன் மாணவர்களைப் பெயர் பெயராகச் சொல்லுவார். அந்த மனுசனா இந்த மனுவை எழுதினார் என்று எனக்குத் தாங்க முடியாத கோபம்.

"எங்கடை பிள்ளையளை நாங்கள் பாக்காமல் வேறை ஆர் பாக்கிறது, பிள்ளை?" என்றார் மாஸ்டர்.

"எண்பத்தெட்டிலை முன்வரிசையிலை எழும்பின வெள்ளைக்காறன் இதைத்தானே இங்கிலிஷிலை கேட்டவன், மாஸ்டர். அண்டைக்கு நீங்கள் எனக்குப் பக்கத்திலை இருந்து பல்லைக் கடிச்சனீங்கள்."

அவருடைய முகம் கறுத்துவிட்டது. நானும் கொஞ்சம் கூடத்தான் சொல்லிவிட்டேன். அவர் பேனையை எடுத்து மூடியைப் போட்டார்.

"அண்டைக்கு நீர் நேரத்துக்குக் குடுத்திருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

மண்டபமே என்னைப் பார்த்தது. ஒன்பது வருடமாக ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத விசயம். அந்த இடத்தில் கையில் இருந்த தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போயிருப்பேன். போனால் அடுத்த ஒன்பது வருடமும் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றியது.

"ஓம் மாஸ்டர். பிந்தினது என்ரை பிழை," என்றேன். "கோடு கீறினது என்ரை பிழையில்லை."

5

என் மனுசனுடைய கையெழுத்து மாஸ்டரின் மனுவில் ஆறாவதாக இருந்தது. அவருக்கும் பெற்றோல் செட்டில்தான் வேலை, வேலை நேரத்தில் நீட்டினார்களாம், வாசிக்காமல் வைத்தாராம். வாசித்திருந்தாலும் வைத்திருப்பார்.

"இஞ்சரப்பா, நீர் உம்மடை மனச்சாட்சிக்கு எழுதும். நான் என்ரை பிள்ளைக்கு வைச்சதை வெட்டமாட்டன்," என்றார். ஒரு வீட்டில் இருந்து இரண்டு பக்கத்துக்கும் கையெழுத்துப் போகிறது. இருக்கட்டும் என்றேன். இரண்டு நாள் பேச்சுக் குறைவு, சாப்பாடு வழமைபோல்.

மயூரியிடம் நான் ஒளிக்கவில்லை. வரைபடத்தைக் காட்டிச் சொன்னேன். அவள் நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் சொல்லுகிற வயதுக்கு வந்துவிட்டாள். அப்படியென்றால் தான் அக்கா மாதிரி பஸ்ஸில் போக வேண்டி வருமா என்று இங்கிலிஷில் கேட்டாள். வரலாம் என்றேன். கொஞ்சநேரம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அக்காவிடம் கேட்டீர்களா என்றாள்.

தர்சினி இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அந்தச் சனிக்கிழமை உடுப்புத் தோய்க்க வீட்டுக்கு வந்திருந்தாள். அவளிடம் கேட்க எனக்குப் பயம். பஸ்ஸில் போன ஏழு வருடத்தைப் பற்றி அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நல்ல சிநேகிதர்கள் கிடைத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் மாரிகாலத்தில் இருட்டோடு போய் இருட்டோடு வந்த பிள்ளை. ஒருநாள் பஸ் வராமல் மழையில் நடந்து வந்து, சப்பாத்தைக் கழற்ற முடியாமல் வாசலில் இருந்து அழுத பிள்ளை. நான் அப்போதும் கவுன்சிலைத்தான் திட்டினேன்.

சமையலறையில் அவளை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கு, மணிக்கூடு, ராகுகாலம், அந்தக் கிழவர். கவுன்சில் மறுக்கவில்லை, நான்தான் பிந்தினேன் என்று.

அவள் மெசினில் இருந்து உடுப்பை எடுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியும் அம்மா. சுபா அப்பவே சொல்லிட்டா," என்றாள். பதினொரு வயதில் இருந்து தெரியுமாம். ஏன் கேட்கவில்லை என்றேன். நீங்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முகத்தை வைத்திருந்த விதத்தில் எப்படிக் கேட்கிறது என்று இங்கிலிஷில் சொன்னாள். பிறகு ஈரத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வரைபடத்தைப் பார்த்தாள். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து, எங்கள் பழைய பிளாட்டைக் கண்டுபிடித்தாள்.

"ஒப்ஜெக்ட் பண்ணுங்கோ அம்மா. ஆனா இந்த முறை டைமுக்குக் குடுங்கோ."

அவள் சிரித்தாள். நான் அழுதேன். பிறகு இரண்டு பேருமாக இருந்து கடிதத்தை எழுதினோம். என் இங்கிலிஷை அவள் திருத்தப் பார்த்தாள். சில இடத்தில் நான் விடவில்லை. "எட்டு நிமிட நடை" என்பதை அடிக்கோடிட்டது நான்தான்.

6

கடிதத்தைத் தபாலில் போட்டிருக்கலாம், அல்லது திங்கட்கிழமையே கொடுத்திருக்கலாம். வெள்ளிக்கிழமைக்கென்று வைத்திருந்தேன். பக்டரியில் லீவு எடுத்துக்கொண்டு போனேன்.

கட்டடம் அப்படியே இருந்தது. அதே பெரிய மணிக்கூடு, வாங்குக்கு மட்டும் புதுப் பூச்சு. பதினொன்று ஐந்து. ஊர்க்கலண்டர்படி நடு ராகுகாலம். மாஸ்டரின் லண்டன் உதயக் கணக்குப்படியும் ராகுகாலம். நேரே கவுண்டருக்குப் போனேன். ஒரு இளந்தாரி இருந்தான். இந்தத் திட்டத்தால் பாதிக்கப்படக்கூடிய பிள்ளை உங்களுக்கு உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி. உண்டு என்று புள்ளடி போட்டு, மயூரியின் பெயரை எழுதினேன். அவன் முகவரியைப் பார்த்தான், வரைபடத்தைப் பார்த்தான். நீங்கள் கோட்டுக்கு உள்ளேதான் இருக்கிறீர்கள், ஆட்சேபம் என்று தவறிப் போட்டுவிட்டீர்களோ என்று பணிவாகக் கேட்டான்.

தவறவில்லை என்றேன். அதற்குரிய இங்கிலிஷ் இந்த முறை என்னிடம் இருந்தது. முத்திரை குத்தி, நேரத்தையும் எழுதச் சொல்லி, பிரதியை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகவில்லை. அந்த வாங்கில் போய் இருந்தேன். அடைப்பு இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

சரியாகப் பன்னிரண்டுக்குக் கால் மணித்தியாலம் இருக்க, கழுத்துத் துண்டும் தொப்பியுமாகக் கணக்கு மாஸ்டர் உள்ளே வந்தார். கையில் தமிழ்ப் பெற்றோரின் ஆதரவு மனு. உதயத்தில் இருந்து எண்ணி, ராகுகாலம் முடிகிற நிமிடத்துக்கு வந்திருக்கிறார். என்னைக் கண்டு ஒரு கணம் நின்றார். போய்க் கொடுத்தார். திரும்பி வந்து, போவதா இருப்பதா என்று யோசித்து, வாங்கின் மற்ற நுனியில் இருந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. வயது போய்விட்டது மனுசனுக்கு.

"எத்தினை மணிக்குக் குடுத்தனீர்?" என்று கேட்டார்.

பிரதியைக் காட்டினேன். கண்ணாடியை உயர்த்தி நேரத்தைப் பார்த்தார். கணக்குப் பிழைத்த மாணவியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இது ராகுகாலமெல்லே?"

"ஓம் மாஸ்டர்," என்றேன். "தெரிஞ்சுதான் குடுத்தனான்."

பன்னிரண்டுக்கு அடைப்பு இறங்கியது. என் கடிதமும் அவருடைய மனுவும் உள்ளே, ஒரே தட்டில் இருந்தன.